செல்லாத ஓட்டும் மாற்றுச் சீட்டும்

1952 முதல் பொதுத்தேர்தலில் பம்பாய் வடக்குத் தொகுதியில் அண்ணல் அம்பேத்கர் 14,000க்கும் சற்று அதிகமான வாக்குகளில் தோற்றார். அந்தத் தொகுதியில் எண்ணப்படாமல் ஒதுக்கப்பட்ட வாக்குகள் 74,333. முதல் எண்ணைச் சொல்லும் நம் மேடைகள் இரண்டாவது எண்ணைச் சொல்வதில்லை.

அது இரட்டை உறுப்பினர் தொகுதி. ஒரு பொது இடம், ஒரு தனி இடம். வாக்காளருக்கு இரண்டு சீட்டு. வேட்பாளர் ஒவ்வொருவருக்கும் சின்னம் ஒட்டிய தனிப்பெட்டி. இரண்டு சீட்டையும் ஒரே பெட்டியில் போட்டால் ஒன்று செல்லாது. தனி வேட்பாளருக்கு விழ வேண்டிய ஓட்டை வீணாக்கச் சொல்லிப் பிரச்சாரம் நடந்தது என்று அம்பேத்கரும் அசோக் மேத்தாவும் தேர்தல் வழக்குத் தொடுத்தார்கள். வழக்கு வெல்லவில்லை. பெட்டிக்குள் போன பிறகு எது அறியாமல் செய்த பிழை, எது திட்டமிட்டு வீணாக்கியது என்று யாரால் பிரிக்க முடியும்?

1961இல் இரட்டை உறுப்பினர் தொகுதிகள் ஒழிக்கப்பட்டன. தனிப்பெட்டிகளும் போயின; 1962 பொதுத்தேர்தலில் ஒரே சீட்டில் சின்னத்தின் மீது முத்திரை குத்தும் முறை வந்தது. அதோடு புதுப் பிழைகளும் வந்தன. இரண்டு சின்னங்களில் முத்திரை விழும்; சீட்டு கிழிந்துபோகும்.

இதற்கான பாதுகாப்பு 1961ஆம் ஆண்டுத் தேர்தல் நடத்தை விதிகளில், 41ஆம் விதியில் இருக்கிறது. வாக்காளர் கவனக்குறைவால் சீட்டைக் கெடுத்துவிட்டால், அதை வாக்குச்சாவடித் தலைமை அலுவலரிடம் கொடுத்து, தெரியாமல் நடந்தது என்று அவர் ஏற்கும்படி சொன்னால், வேறு சீட்டு பெறலாம். கெட்ட சீட்டிலும் அதன் அடிக்கட்டையிலும் ரத்து என்று எழுதப்படும். சீட்டை வாங்கிய பின் ஓட்டுப்போட விருப்பமில்லை என்றால் திருப்பிக் கொடுக்கலாம். அதுவும் ரத்தாகும், மாற்றுச் சீட்டு கிடையாது. இப்படி ரத்தான சீட்டுகள் தனி உறையில் வைக்கப்படும். நம் பெயரில் வேறொருவர் முன்பே ஓட்டுப் போட்டிருந்தால் அது வேறு விஷயம்; அதற்கு 42ஆம் விதிப்படி தனிச் சீட்டு கேட்கலாம்.

'மிஷின் வந்தபிறகு இது எதற்கு?' என்று கேட்கலாம். 2004 முதல் மக்களவைத் தேர்தல் முழுக்க மிஷினில்தான். ஆனால் தமிழ்நாட்டின் ஊரக உள்ளாட்சித் தேர்தல் 2019லும் 2021லும் வாக்குச்சீட்டில்தான் நடந்தது. ஊராட்சி வார்டு, தலைவர், ஒன்றியம், மாவட்டம் என்று ஒருவர் கையில் நான்கு நிறத்தில் நான்கு சீட்டு. தனி ஊராட்சியில் தலைவராக நின்றதற்கும் வென்றதற்கும் நாம் கொடுத்த விலை மேலவளவு முருகேசனின் உயிர். அந்தப் பதவிக்கான சீட்டும் இந்த நான்கில் ஒன்று.

சேரியிலிருந்து வரும் ஒரு பாட்டி முத்திரையைத் தவறாகக் குத்திவிட்டால் என்ன செய்வார்? ஊர்க்காரர்கள் ஏஜென்ட்டாக உட்கார்ந்திருக்கும் சாவடியில் அதிகாரியிடம் போய், "ஐயா, தப்பாயிடுச்சு, வேற சீட்டு கொடுங்க" என்று கேட்பதற்கே துணிச்சல் வேண்டும். கேட்டால் திட்டுவார்களோ என்று பயந்து அப்படியே மடித்துப் பெட்டியில் போட்டுவிட்டால் அந்த ஓட்டு போனதுதான். சில ஓட்டுகளில் முடிவாகும் ஊராட்சியில் அது சின்ன விஷயமில்லை.

தோழர்களே, அடுத்த உள்ளாட்சித் தேர்தலுக்கு முன் மாதிரிச் சீட்டோடு வீடு வீடாகப் போங்கள். மடிக்கக் கற்றுக்கொடுங்கள். நம் பூத் ஏஜென்ட் சீட்டு மாற்றும் விதியைத் தெரிந்துகொண்டு சாவடிக்குள் உட்காரட்டும். மாற்றுச் சீட்டு கேட்பது உரிமை, யாரும் நமக்குச் செய்யும் தயவு அல்ல. அதைப் பெட்டியில் போடுவதற்கு முன்பே கேட்டாக வேண்டும்.