ஹிப்-ஹாப்பும் பணப் பழக்கமும்

1970களில் நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் கறுப்பின இளைஞர்களிடையே உருவான ஹிப்-ஹாப், பல பாடல்களில் தங்கச் சங்கிலியையும் சொகுசுக் காரையும் கொண்டாடியது. ஆனால் சொத்து சேர்க்கும் பேச்சும் அதிலேயே உண்டு. லாஸ் ஏஞ்சலிஸ் ராப் கலைஞர் நிப்ஸி ஹஸல் (1985–2019), இணையத்தில் இலவசமாகக் கிடைத்த தம் ‘கிரென்ஷா’ பாடல் தொகுப்பை 2013இல் 1,000 பிரதிகள் மட்டும் போட்டு, பிரதி 100 டாலருக்கு விற்றார். வாங்க ஆளிருக்குமா என்ற சந்தேகம் நியாயமானதே. ஆனால் ராப் கலைஞர் ஜே-ஸி ஒருவரே 100 பிரதிகளை வாங்கிக்கொண்டார். ஹஸல் தாம் வளர்ந்த பேட்டையிலேயே 2017இல் துணிக்கடை திறந்தார். பிறகு கூட்டாளிகளுடன் சேர்ந்து அந்தக் கடை இருந்த வணிக வளாகத்தையே வாங்கினார். 2019 மார்ச்சில் அங்கேயே சுட்டுக் கொல்லப்பட்டார். முன்னதாக 2016இல், கறுப்பினத்தவர் நடத்தும் வங்கிகளில் பணம் போடுமாறு ராப் கலைஞர் கில்லர் மைக் கேட்டுக்கொண்டதையடுத்து, அட்லாண்டாவின் சிட்டிசன்ஸ் டிரஸ்ட் வங்கியில் ஆயிரக்கணக்கானோர் கணக்குத் தொடங்கினர்.