சிங்கர் மரை



நம் கேட்டைத் தாண்டி மெயின் ரோட்டுக்குப் போகும்போது மின்கம்பங்களில் ஒட்டியிருக்கும் நோட்டீஸ்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். 'ஓவர்லாக், பேட்லாக், சிங்கர் டெய்லர்கள் உடனடியாகத் தேவை.' வெளியூரிலிருந்து வந்த உறவினர் ஒருவர், "பனியன் கம்பெனியில் பாட்டுக்காரருக்கு என்ன வேலை?" என்று என்னிடம் கேட்டார். ஒற்றை ஊசியில் நேர்த்தையல் போடும் மெஷினுக்குத் திருப்பூரில் சிங்கர் என்று பெயர். ஜப்பானில் செய்ததோ சீனாவில் செய்ததோ, இங்கே அது சிங்கர்தான். ஒரு கம்பெனியின் பெயர் ஊர்ச்சொல் ஆகிவிட்டது. பெயரோடு அந்தக் கம்பெனியின் திருகு அளவும் நம்மிடம் தங்கிவிட்டது. அதை நான் ஒரு தவறு செய்துதான் தெரிந்துகொண்டேன்.

எங்கள் பால்கனி மூலையில் துணி போட்டு மூடி வைத்திருப்பது என் அம்மாவின் கால் மெஷின். அப்பாவின் சம்பளம் போதாத காலத்தில் அம்மா அதில் பீஸ் கணக்கில் தைத்தார். நான் பி.காம். முடித்தது அந்த மெஷினின் புண்ணியத்தில். சென்ற கோடை விடுமுறையில் பேத்தி தையல் பழக ஆசைப்பட்டாள். துடைத்து எண்ணெய் விட்டதும் சக்கரம் சுழன்றது. ஒரு சின்னத் திருகு மட்டும் இல்லை. ஹார்டுவேர் கடையில் கிட்டத்தட்ட அதே பருமனில் ஒன்று வாங்கி வந்தேன். இரண்டு சுற்று சுகமாக உள்ளே போனது. மூன்றாவது சுற்றில் இறுகியது. துரு பிடித்திருக்கும் என்று நினைத்துக் குறடு வைத்துத் திருகினேன். 'நறுக்' என்று ஒரு சத்தம். வெளியே எடுத்தபோது திருகோடு இரும்புத் தூளும் வந்தது. அறுபது வருடம் உழைத்த மெஷினை அரை நிமிடத்தில் கெடுத்துவிட்டேன்.

மெக்கானிக் வந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஏனுங்க சார், இதுல போய் கடைத் திருகை முறுக்கலாமுங்களா? இது சிங்கர் மரைங்க."

அந்த ஒரு வார்த்தைதான் என்னைப் படிக்க வைத்தது.

திருகு பொருந்த இரண்டு கணக்கு சரியாக வேண்டும். ஒன்று பருமன், மற்றது ஒரு அங்குல நீளத்துக்குள் எத்தனை மரை என்பது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒவ்வொரு பட்டறையும் தன் இஷ்டப்படி மரை போட்டது. ஒரு பட்டறையின் திருகு அடுத்த பட்டறையின் நட்டில் ஏறாது. இங்கிலாந்தில் ஜோசப் விட்வொர்த் என்பவர் பல பட்டறைகளின் திருகுகளைச் சேகரித்து, சராசரி எடுத்து, 1841இல் ஒரு பொது அளவை முன்மொழிந்தார். மரையின் கோணம் 55 பாகை. 1864இல் அமெரிக்காவில் வில்லியம் செல்லர்ஸ் 60 பாகையில் வேறொரு பொது அளவைக் கொண்டுவந்தார். இரண்டு நாடுகளில் இரண்டு பொது அளவுகள் ஆகிவிட்டன.

ஐசக் சிங்கர் தையல் மெஷினுக்குக் காப்புரிமை பெற்றது 1851இல். ஆரம்ப காலத்தில் அவர் தொழிற்சாலையில் பாகங்களைக் கையால் அரம் போட்டுத்தான் பொருத்தினார்கள். ஒரு மெஷினின் பாகம் இன்னொன்றில் சேராது. பிறகு எல்லாம் அச்சுப்போல ஒரே அளவில் வரத் தொடங்கியபோது சிங்கர் தனக்கென்று மரை அளவுகளை வைத்துக்கொண்டது. 9/64 அங்குலப் பருமனும் 11/64 அங்குலப் பருமனும் உள்ள திருகுகளில் அங்குலத்துக்கு 40 மரை; 15/64 அங்குலத் திருகில் 28 மரை. இவை எந்த ஹார்டுவேர் கடையிலும் கிடைக்காத அளவுகள். 1880களில் ஸ்காட்லாந்தின் கிளைடுபேங்க் ஊரில் பிரம்மாண்டமான ஆலை கட்டியபோதும், விட்வொர்த்தின் நாட்டிலேயே உட்கார்ந்துகொண்டு, சிங்கர் தன் மரையைத்தான் போட்டது. உங்கள் வீட்டுப் பழைய சிங்கரின் வரிசை எண் எஃப், ஜே, ஒய் போன்ற எழுத்தில் தொடங்கினால் அது அந்த ஆலையில் பிறந்தது.

சிங்கரைப் பார்த்துச் செய்தவர்கள் மரையையும் சேர்த்தே எடுத்துக்கொண்டார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஜப்பானிய உற்பத்தியாளர்கள் சிங்கரின் 15ஆம் வகை வீட்டு மெஷினை மாதிரியாக வைத்து, யார் செய்த பாகமும் யார் மெஷினிலும் பொருந்தும்படி ஒரே வடிவத்துக்கு ஒப்புக்கொண்டார்கள். இன்று நம் ஊர் கம்பெனிகளில் வரிசையாக நிற்கும் ஜூகியின் கதையும் அந்தக் காலத்தில்தான் திரும்புகிறது. 1938இல் டோக்கியோவில் தொடங்கிய அந்த நிறுவனம் போர்க்காலத்தில் ராணுவத்துக்குத் துப்பாக்கி செய்தது. போர் முடிந்ததும் தையல் மெஷினுக்கு மாறியது. அதன் பார்ட்ஸ் புத்தகத்தைப் புரட்டினால், மெட்ரிக் திருகுகளுக்கு நடுவே 11/64-40 என்ற பழைய கணக்கு இன்றும் உட்கார்ந்திருக்கும்.

இதற்கிடையே உலகம் சும்மா இருக்கவில்லை. 1948 நவம்பர் 18 அன்று அமெரிக்கா, பிரிட்டன், கனடா மூன்றும் ஒரே மரை முறைக்குக் கையெழுத்திட்டன. நம் நாட்டில் 1956இல் எடை, அளவுச் சட்டம் வந்து மெட்ரிக் முறைக்கு மாறினோம். சிங்கர் மரை எதற்கும் அசையவில்லை.

ஏன் என்று யோசித்தபோது எனக்கு என் பழைய உத்தியோகம்தான் விடை சொன்னது. 1957 ஏப்ரல் 1 அன்று ரூபாய்க்கு 16 அணா என்பது போய் 100 நயா பைசா வந்தது. ஓர் அணாவுக்கு ஆறேகால் நயா பைசா; அந்தக் கால்தான் எல்லாக் கடையிலும் சண்டை. ஆனாலும் மாற்றம் நடந்து முடிந்தது. 2011 ஜூன் 30ஆம் தேதியோடு 25 பைசாவும் அதற்குக் கீழே உள்ள நாணயங்களும் செல்லாது என்று அறிவித்தபோது, மக்கள் கொண்டுவந்த சில்லறையை நாங்கள் கவுண்டரில் எண்ணி வாங்கினோம். நாணயத்தை வெளியிட்டவரே திரும்பப் பெற்றுக்கொள்ளலாம். திருகுக்கு அப்படி ஒரு ரிசர்வ் வங்கி கிடையாது. கோடிக்கணக்கான மெஷின்கள் உலகமெங்கும் ஓடிக்கொண்டிருக்க, அவற்றுக்குப் பாகம் விற்பவர் அளவை மாற்றினால் வியாபாரம் போய்விடும். கடைசிப் பழைய மெஷின் ஓடும்வரை அந்த மரையும் ஓடும்.

என் தவறு எங்கே என்றும் புரிந்தது. 15/64 அங்குலம் என்பது 5.95 மில்லிமீட்டர். கடையில் கிடைக்கும் 6 மில்லிமீட்டர் திருகுக்கும் அதற்கும் கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. ஆனால் பழையதில் மரைக்கு மரை இடைவெளி 0.907 மில்லிமீட்டர், புதியதில் 1 மில்லிமீட்டர். பத்து மரை போவதற்குள் கிட்டத்தட்ட ஒரு முழு மரை விலகிவிடும். கூட்டு வட்டி மாதிரி, முதல் இரண்டு சுற்றில் தெரியாது. நான் கெடுத்த திருகு இதைவிடச் சிறியது, விஷயம் அதேதான்.

மெக்கானிக் கெட்டுப்போன ஓட்டையைச் சற்றுப் பெரிதாக்கினார். சின்னப் பித்தளைப் புஷ் ஒன்றைக் கடைசல் பட்டறையில் செய்து வந்து அதில் இறக்கினார். புஷ்ஷின் வெளிப்பக்கம் இன்றைய மெட்ரிக் மரை. உள்பக்கம் சிங்கரின் 40 மரை. ஸ்பேர்ஸ் கடையில் வாங்கிய சரியான திருகு விரலாலேயே கடைசிவரை இறங்கியது. அவர் வாங்கிய கூலி, நான் பேத்திக்கு வாங்கித்தர நினைத்த புது மெஷின் விலையில் மிகச் சிறு பங்கு.

உங்கள் வீட்டிலும் அம்மாவுடையதோ மாமியாருடையதோ ஒரு மெஷின் இருக்கலாம். திருகு சேரவில்லை என்று பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். பழைய திருகைக் கையோடு எடுத்துக்கொண்டு தையல் மெஷின் ஸ்பேர்ஸ் கடைக்கே போங்கள். ஹார்டுவேர் கடைக்கு வேண்டாம். எந்தத் திருகையும் முதலில் விரலால் மட்டும் திருகுங்கள். இரண்டு மூன்று சுற்றில் இறுகினால் நிறுத்திவிடுங்கள். குறட்டைத் தொடாதீர்கள். மரை போயிருந்தாலும் புஷ் போட்டு மீட்கலாம்.

பேத்தி முதலில் தைத்தது ஒரு தலையணை உறை. தையல் கொஞ்சம் கோணல்தான். இந்த வேலையில் எனக்கு ஒரு டப்பா நிறைய சிங்கர் திருகுகள் சேர்ந்துவிட்டன. தேவைப்படுபவர்கள் மாலை ஐந்து மணிக்கு மேல் வாருங்கள். பொருத்திப் பார்த்து எடுத்துக்கொள்ளலாம்.