அந்தமானில் வீட்டு மரத்தை எப்போது, எப்படி வெட்டுவது?

வேலை மாற்றலாகி ஸ்ரீ விஜயபுரம் (பழைய போர்ட் பிளேர்) வந்திருக்கிறீர்களா? வீட்டோரம் மரம் இருந்தால், இது உங்களுக்கு.

ஏன் ஏப்ரலுக்குள்?
இங்கே ஆண்டு மழை சுமார் 3,000 மி.மீ.; சென்னையைப்போல இரு மடங்கு. மே முதல் டிசம்பர் வரை இரண்டு பருவமழையும் அடுத்தடுத்து வரும். ஈரத்தில் வெட்டிய காயத்தில் பூஞ்சை சுலபமாகப் பிடிக்கும். அதனால் ஜனவரி–ஏப்ரல்தான் கிளை கழிக்க ஏற்ற காலம்.

மொட்டையடிச்சா பாதுகாப்புதானே?
இல்லை. பிறகு துளிர்க்கும் கிளைகளுக்குப் பிடிப்பு குறைவு. காற்றில் அவைதான் முதலில் முறியும். காய்ந்த, உரசும் கிளைகளை மட்டும் எடுங்க. மாமரம் பூத்திருந்தால் காய்ந்த கிளையோடு நிறுத்திக்கோங்க. மின்கம்பி அருகே கை வைக்காதீங்க, மின்துறையைக் கூப்பிடுங்க.

தென்னைக்கு?
பச்சை மட்டையைத் தொடாதீங்க. காய்ந்த மட்டையையும் முற்றிய காயையும் இறக்கினால் போதும். நடுக்குருத்து வாடி, இழுத்ததும் கையோடு வந்தால் அது குருத்தழுகல். அழுகிய பகுதியைச் செதுக்கி, 10% போர்டோ பசை தடவணும்.

அடிமரத்துக்கு?
மண்ணோ தழையோ குவிக்காதீங்க, சிமென்ட் பூசாதீங்க, தண்ணீர் வடியணும்.

மரம் புதிதாகச் சாய்ந்து, வேரடி மண் வெடித்திருந்தால் மட்டும் காலம் பார்க்க வேண்டாம். மழையானாலும் உடனே விவரம் தெரிந்த ஆளை அழைங்க.