பழைய தகடும் புதிய விலையும்

இத்தாலியில் 1962 முதல் 1964 வரை பெராரி நிறுவனம் '250 ஜி.டி.ஓ.' என்னும் பந்தயக் காரைச் செய்தது. மொத்தம் 36 வண்டிகளே. அன்று அமெரிக்காவில் விலை சுமார் 18,000 டாலர். பந்தயத்துக்கு உதவாமற்போனதும் அதைவிடக் குறைவாகவே கைமாறிற்று. 2018-இல் அவற்றுள் ஒன்று 4 கோடியே 84 லட்சம் டாலருக்கு ஏலம் போயிற்று!

வண்டிகள் பெருகா, விரும்புவோர் பெருகுவர். விலை ஏறியதற்கு அது போதும். புதுப்பிக்கும் செலவு ஏறுவானேன்?

இதன் உடல் கையால் தட்டி வளைத்த மெல்லிய அலுமினியத் தகடு. தட்டத் தட்ட, படிகங்களுக்குள் அணுவரிசையின் பிறழ்வுகள் பெருகி ஒன்றையொன்று தடுக்கின்றன. தகடு இறுகுகிறது, மேலும் தட்டினால் வெடிக்கும். எனவே இடையிடையே சூடாக்கி இளக்க வேண்டும். இரும்பைப் போல் சிவந்து எச்சரிக்கும் குணம் அலுமினியத்துக்கு இல்லை. 660 டிகிரி செல்சியஸில் சட்டென்று உருகிவிடும். ஆகவே தொழிலாளி தகட்டில் சோப்பைத் தேய்த்துச் சூடு காட்டுகிறார். சோப்பு கறுத்ததும் தீயை விலக்குகிறார். எவ்வளவு அழகான வெப்பமானி, பாருங்கள்!

இக்கைத்திறன் அறிந்தோர் இன்று சிலரே. அவர்களது கூலியும் 1962-இன் கூலி அன்று. புதுத் தகடு பொருத்துவது எளிதுதான். ஆனால் பழைய தகடு போனால் வண்டியின் மதிப்பும் குறையும். அதனால் நைந்த தகட்டையே மணிக்கணக்கில் தட்டிக்கொண்டிருக்கிறார்கள்.