இந்தியாவில் சைபர் பாதுகாப்புச் சட்டங்களும் இணையத் தனியுரிமையும்

இணையத்தைக் காக்கும் பொறுப்பையும் அதில் நடக்கும் தகவல் பரிமாற்றத்தைக் கண்காணிக்கும் அதிகாரத்தையும் இந்திய அரசுக்கு ஒருசேர வழங்குவது 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம். அவ்வாண்டு அக்டோபர் 17 அன்று நடைமுறைக்கு வந்தபோது, மின்னணு ஆவணங்களுக்கும் டிஜிட்டல் கையொப்பத்துக்கும் சட்ட ஏற்பு அளித்து மின்வணிகத்துக்கு வழி செய்வதே அதன் முதன்மை நோக்கமாக இருந்தது. 2008 டிசம்பரில், மும்பைத் தாக்குதல் நடந்து ஒரு மாதம் ஆவதற்குள், பெரிய விவாதம் ஏதுமின்றி நாடாளுமன்றம் நிறைவேற்றிய திருத்தம் அதன் போக்கை மாற்றியது. தனியுரிமை தொடர்பான வழக்குகளிலும் வாதங்களிலும் மீண்டும் மீண்டும் பேசப்படும் பிரிவுகள் பலவும் இத்திருத்தத்தால் புதிதாகச் சேர்ந்தவை அல்லது விரிவடைந்தவை.

அவற்றில் முதலில் மக்கள் கவனத்துக்கு வந்தது 66ஏ பிரிவு. பிறருக்கு எரிச்சலோ அசௌகரியமோ ஏற்படுத்தும் செய்தியை அனுப்புவோருக்கு மூன்றாண்டு வரை சிறை என்றது அது. எரிச்சல் எது என்பதற்கு வரையறை இல்லாததால், யாரைப் பிடிப்பது என்பது காவல் நிலையத்தின் விருப்பமாயிற்று. 2012 அக்டோபரில் புதுச்சேரியில் ஒருவர் ட்விட்டர் பதிவுக்காகக் கைதானார். அடுத்த மாதம், பால் தாக்கரே மறைவையொட்டி மும்பை முடங்கியதைப் பற்றி முகநூலில் எழுதிய ஓர் இளம்பெண்ணும் அதற்கு விருப்பம் தெரிவித்த அவருடைய தோழியும் மகாராஷ்டிரத்தின் பால்கரில் கைது செய்யப்பட்டனர். ஷ்ரேயா சிங்கல் என்பவர் தொடுத்த வழக்கில், 2015 மார்ச் 24 அன்று நீதிபதிகள் செலமேஸ்வர், நரிமன் அமர்வு இப்பிரிவை முழுமையாக ரத்து செய்தது. இணையதளங்களை முடக்க வகை செய்யும் 69ஏ பிரிவை அத்தீர்ப்பு செல்லும் என்று விட்டுவைத்தது. ரத்தான பிறகும் பல மாநிலங்களில் 66ஏ-யின் கீழ் வழக்குகள் பதிவாகிக்கொண்டே இருந்தன. அவற்றைக் கைவிடுமாறு 2021 ஜூலையில் உள்துறை அமைச்சகம் மாநிலங்களுக்கு எழுத வேண்டியதாயிற்று.

பேச்சுரிமை சார்ந்த இந்தச் சிக்கலைவிட ஆழமானது 69ஆம் பிரிவு. எந்தக் கணினியிலும் உள்ள, அல்லது அதன் வழியே செல்லும் தகவலை இடைமறிக்கவும் கண்காணிக்கவும் மறைகுறியை நீக்கித் தரச் சொல்லவும் அது அரசுக்கு அதிகாரம் தருகிறது. ஒத்துழைக்க மறுப்பவருக்கு ஏழாண்டு வரை சிறை. தொலைபேசி ஒட்டுக்கேட்புக்கு நெடுங்காலம் அடிப்படையாக இருந்த 1885ஆம் ஆண்டுத் தந்திச் சட்டத்தோடு இதை ஒப்பிட்டால் வேறுபாடு தெரியும். காலனி ஆட்சி இயற்றிய அச்சட்டமே பொது நெருக்கடி, பொதுப் பாதுகாப்பு ஆகிய இரண்டில் ஒன்று இருந்தால்தான் ஒட்டுக்கேட்க முடியும் என்ற நிபந்தனையை வைத்திருந்தது. 69ஆம் பிரிவில் அந்த நிபந்தனை இல்லை. எந்தக் குற்றத்தின் புலனாய்வுக்காகவும் ஆணை பிறப்பிக்கலாம். இந்த நிபந்தனையின் மதிப்பை, தந்திச் சட்டத்தின் கீழ் 2011இல் பிறப்பிக்கப்பட்ட ஓர் ஒட்டுக்கேட்பு ஆணையை 2025 ஜூலையில் ரத்து செய்த சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பில் காணலாம். லஞ்ச வழக்கொன்றின் புலனாய்வு பொது நெருக்கடி ஆகாது என்று நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் முடிவு செய்தார். இணையத் தகவலை இடைமறித்தவர்களிடம் இதே கேள்வியைக் கேட்க 69ஆம் பிரிவு இடம் வைக்கவில்லை.

69ஆம் பிரிவின் கீழ் ஆணை பிறப்பிப்பவர் உள்துறைச் செயலாளர். 2009ஆம் ஆண்டு விதிகளின்படி ஓர் ஆணை 60 நாட்களுக்குச் செல்லும். 180 நாட்கள் வரை நீட்டிக்கலாம். ஒன்றிய அரசின் ஆணைகளை ஆராயும் மறு ஆய்வுக் குழுவில் அமைச்சரவைச் செயலாளரும் வேறு இரண்டு துறைச் செயலாளர்களும் இருக்கிறார்கள். நீதிபதி எவரும் இல்லை. இந்த ஏற்பாடு, 1996இல் பி.யு.சி.எல். என்ற குடிமை உரிமை அமைப்பின் வழக்கில் உச்ச நீதிமன்றம் தொலைபேசி ஒட்டுக்கேட்புக்கு வகுத்த நெறிமுறையிலிருந்து வந்தது. சட்டத்தில் இடமில்லாத நிலையில் நீதிமன்ற முன் அனுமதியைத் தானாகக் கட்டாயமாக்க இயலாது என்று அன்று நீதிமன்றம் கருதியது. அதிகாரிகளின் ஆணையை அதிகாரிகளே சரிபார்க்கும் முறை அப்படித்தான் நிலைபெற்றது. தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் கிடைத்த ஒரு பதிலின்படி, ஒன்றிய அரசு மாதந்தோறும் 7,500 முதல் 9,000 வரை ஒட்டுக்கேட்பு ஆணைகளைப் பிறப்பித்தது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கூடும் குழு ஒரே அமர்வில் 15,000க்கும் மேற்பட்ட ஆணைகளைப் பார்த்தாக வேண்டும் என்பதை, தரவுப் பாதுகாப்புச் சட்டம் குறித்து ஆராய அரசு அமைத்த நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா குழு சுட்டிக்காட்டியது. அந்த எண்ணிக்கையில் மறு ஆய்வு என்பது பெயரளவுக்கே நடக்க முடியும். பிரிட்டனில் 2016ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைச்சர் கையெழுத்திட்டாலும் நீதித்துறை ஆணையர் ஒருவரின் ஒப்புதலும் தேவை. அமெரிக்காவில் 1978 முதல் வெளிநாட்டு உளவு சார்ந்த கண்காணிப்புக்கெனத் தனி நீதிமன்றம் இருக்கிறது. அதன் மீது கடுமையான விமர்சனங்கள் உண்டு என்றாலும் விமர்சிக்க ஒரு நீதிமன்றமாவது உள்ளது.

2017 ஆகஸ்ட் 24 அன்று வந்த புட்டசாமி தீர்ப்பு இந்த விவாதத்தின் அடித்தளத்தை மாற்றியது. ஆதார் திட்டத்தை எதிர்த்து கர்நாடக உயர் நீதிமன்ற முன்னாள் நீதிபதி கே.எஸ். புட்டசாமி தொடுத்த வழக்கில், தனியுரிமை அடிப்படை உரிமையே அல்ல என்று அரசு வாதிட்டது. ஒன்பது நீதிபதிகள் ஒருமித்து அதை மறுத்தனர். அந்த உரிமையில் தலையிட ஒரு சட்டம் வேண்டும், அதற்கு முறையான நோக்கம் வேண்டும், தலையீடு அந்த நோக்கத்துக்குத் தேவையான அளவைத் தாண்டக் கூடாது என்பவை அத்தீர்ப்பு வகுத்த சோதனைகள். ஆயினும் 2018 டிசம்பரில், 69ஆம் பிரிவின் கீழ் இடைமறிக்கும் அதிகாரம் பெற்ற பத்து அமைப்புகளின் பட்டியலை உள்துறை அமைச்சகம் வெளியிட்டபோது, பழைய விதிகளே தொடர்ந்தன. பெகாசஸ் உளவு மென்பொருளால் கைபேசிகள் வேவு பார்க்கப்பட்டன என்ற குற்றச்சாட்டை ஆராய 2021இல் உச்ச நீதிமன்றம் அமைத்த நிபுணர் குழு 29 கைபேசிகளைச் சோதித்து, ஐந்தில் தீய மென்பொருள் இருந்ததாகவும் அது பெகாசஸ்தான் என்று உறுதியாகச் சொல்ல இயலவில்லை என்றும் தெரிவித்தது. விசாரணைக்கு அரசு ஒத்துழைக்கவில்லை என்றும் குழு கூறியதை நீதிமன்றம் பதிவு செய்தது.

செய்தியை அனுப்புநரும் பெறுநரும் மட்டுமே படிக்கும்படி பூட்டும் மறையாக்கம் பற்றிய வழக்கு சென்னையில் தொடங்கியது. சமூக ஊடகக் கணக்குகளை ஆதாருடன் இணைக்கக் கோரி 2018இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் தொடுக்கப்பட்ட மனுக்கள், வாட்ஸ்அப் செய்தியை முதலில் அனுப்பியவரைக் கண்டறிய முடியுமா என்ற கேள்வியாக மாறின. முடியும் என்று சென்னை ஐ.ஐ.டி. பேராசிரியர் காமகோடி ஒரு வழிமுறையை முன்வைத்தார். அது பயனர்களின் தனியுரிமையைக் குலைக்கும் என்று மும்பை ஐ.ஐ.டி. பேராசிரியர் மனோஜ் பிரபாகரன் மறுத்தார். வழக்கு பின்னர் உச்ச நீதிமன்றத்துக்கு மாற்றப்பட்டது. 2021 பிப்ரவரி விதிகள், 50 லட்சத்துக்கும் மேல் பயனர் கொண்ட செய்திச் சேவைகள் முதல் அனுப்புநரை அடையாளம் காட்ட வேண்டும் என்று கட்டாயப்படுத்தின. வாட்ஸ்அப் டெல்லி உயர் நீதிமன்றத்தை அணுகியது. குழந்தைகள் மீதான பாலியல் வன்முறைப் படங்களும் கும்பல் கொலைக்குத் தூண்டும் வதந்திகளும் பரவுவதைத் தடுக்க வேண்டும் என்ற அரசின் வாதத்தில் உண்மை இருக்கிறது. ஆனால் காவல்துறைக்கென்று திறந்துவைக்கும் வழியில் திருடரும் நுழைய முடியும். வங்கிப் பரிவர்த்தனையும் மருத்துவக் குறிப்பும் மறையாக்கத்தை நம்பியே பயணிக்கின்றன.

சைபர் தாக்குதல்களின் ஆபத்து கற்பனையல்ல. 2019இல் கூடங்குளம் அணுமின் நிலையத்தின் நிர்வாகக் கணினி ஒன்றில் தீய மென்பொருள் புகுந்தது. முதலில் மறுத்து, மறுநாள் அணுமின் கழகம் ஒப்புக்கொண்டது. 2022 நவம்பரில் டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் சர்வர்கள் முடங்கி, நோயாளிப் பதிவு பல நாட்கள் காகிதத்தில் நடந்தது. இத்தகைய நிகழ்வுகளைக் கையாளும் அமைப்பான செர்ட்-இன், 2022 ஏப்ரல் 28 அன்று பிறப்பித்த நெறிமுறையில், தாக்குதலை ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்கச் சொன்னது. அதே ஆணை, பயனரின் இணைய அடையாளத்தை மறைக்க உதவும் வி.பி.என். நிறுவனங்கள் வாடிக்கையாளரின் பெயர், முகவரி உள்ளிட்ட விவரங்களை ஐந்தாண்டு வைத்திருக்க வேண்டும் என்றது. எக்ஸ்பிரஸ் வி.பி.என். போன்றவை இந்தியாவிலிருந்த சர்வர்களை அகற்றின. 2023 நவம்பரில் செர்ட்-இன் தகவல் உரிமைச் சட்ட வரம்பிலிருந்து விலக்கப்பட்டதால், எந்த நிறுவனத்தில் எவ்வளவு தரவு கசிந்தது என்று குடிமக்கள் அதனிடம் கேட்டறியும் வழி அடைபட்டது.

2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறுவனங்களுக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க வகை செய்கிறது. அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. ஆனால் 17ஆம் பிரிவின்படி, தேசப் பாதுகாப்பு, பொது ஒழுங்கு முதலிய காரணங்களைக் காட்டி எந்த அரசு அமைப்புக்கும் ஒன்றிய அரசு முழு விலக்கு அளிக்கலாம். குடிமகனின் தரவை மிக அதிகமாக வைத்திருப்பது அரசே என்னும்போது இது சிறிய விலக்கல்ல. உளவு அமைப்புகளின் தரவுத் திரட்டலை நாடாளுமன்ற, நீதித்துறை மேற்பார்வையின்கீழ் கொண்டுவரத் தனிச் சட்டம் வேண்டும் என்று 2018 ஜூலையில் ஸ்ரீகிருஷ்ணா குழு பரிந்துரைத்தது. அப்படியொரு சட்டம் இன்னும் இயற்றப்படவில்லை.