சிறையும் சிகிச்சையும்

போதைக்கு அடிமையான ஒருவன் களவு செய்து சிறை செல்கிறான், மீள்கிறான், சில திங்களில் மறுபடியும் அதே குற்றவாளிக் கூண்டில் நிற்கிறான். திருகோணமலையிலாயினும் வேறெங்காயினும் இதுவே கதை. சிறை அவனைத் தடுத்து வைத்ததேயன்றித் திருத்தவில்லை.

இதனைச் சட்டம் உணர நெடுங்காலம் சென்றது. 1929ஆம் ஆண்டின் நஞ்சுகள், அபின், அபாயகர ஔடதங்கள் கட்டளைச் சட்டம் தண்டனையையே நம்பிற்று. 1984இல் ஹெரோயின் கடத்தலுக்கு மரண தண்டனையும் விதிக்கலாமென்று ஆயிற்று. 1999இல் வந்த சமுதாயஞ்சார் சீர்திருத்தச் சட்டமே சிறைக்கு மாற்றாக, ஊரிலிருந்தவாறே திருந்தும் வழியைத் திறந்தது. 2007இன் 54ஆம் இலக்கச் சட்டமோ, மருத்துவ அறிக்கை பெற்று நீதவான் ஒருவனைக் கட்டாயச் சிகிச்சைக்கு அனுப்ப இடமளித்தது.

ஆயினும், பெயர் மாறியதனாற் சிறை மருத்துவமனை ஆகிவிடாது. நமது கொட்டியாரக் குடாவிற் கலக்கும் மகாவலியை அடுத்து, பொலன்னறுவை மாவட்டத்திலே கந்தக்காடு புனர்வாழ்வு நிலையம் உள்ளது. 2022 ஜூன் மாதத்தில் அங்கிருந்த ஒருவர் உயிரிழந்தார், நூற்றுக்கணக்கானோர் தப்பியோடினர், படையினர் நால்வர் கைதாயினர். அவ்வாண்டே புனர்வாழ்வுப் பணியகச் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானதென உயர் நீதிமன்றம் தீர்மானித்தது. திருத்தப்பட்ட பின்னரே அது 2023இற் சட்டமாயிற்று.

இவ்வரலாறு உணர்த்துவது யாது? நோயென்று கூறுபவர் மருத்துவராயிருத்தல் வேண்டும். தடுப்புக்கு எல்லை வகுப்பவர் நீதவானாயிருத்தல் வேண்டும். மீண்டு வருபவனுக்கு ஒரு தொழிலும் ஊராரின் முகமலர்ச்சியும் காத்திருத்தல் வேண்டும். இம்மூன்றில் ஒன்று குறையினும், சிகிச்சையென்பது சிறைக்கு நாமிட்ட மறுபெயரே.