வந்துகினு, வந்துகிட்டு, வந்துண்டு

பேச்சுத்தமிழின் சில சொற்களைக் கேட்டமாத்திரத்தில் முகம் சுளிப்பவர்கள் எல்லாக் காலத்திலும் இருந்திருக்கிறார்கள். ‘குந்து’ என்றால் ஒருவருக்கு ஆகாது. ‘இஸ்துகினு’ என்றால் மற்றொருவருக்குக் காது கூசும். ‘மொக்கை’, ‘கலாய்’ என்று இளைஞர்கள் பேசினால் மொழியே அழிந்துவிட்டதென்று வருந்துவோரும் உண்டு. இந்தச் சுளிப்பை மொழிப்பற்று என்றே பெரும்பாலும் நாம் எடுத்துக்கொள்கிறோம். அதன் வரலாற்றைச் சற்றுப் புரட்டிப் பார்த்தால் செய்தி வேறாக இருக்கிறது.

முதலில் ஓர் எளிய சான்று. ‘வந்துகொண்டு’ என்பது எழுத்து வழக்கு. இதை அப்படியே முழுமையாக உச்சரித்துப் பேசும் தமிழர் அரியர். சென்னையிலும் வட மாவட்டங்களிலும் அது ‘வந்துகினு’ ஆகிறது. தஞ்சை, மதுரைப் பக்கங்களில் ‘வந்துகிட்டு’. பிராமணர் பேச்சில் ‘வந்துண்டு’. மூன்றும் ‘கொண்டு’ என்ற ஒரே சொல்லின் தேய்வுகள். இலக்கணப்படி பார்த்தால் மூன்றும் ஒரே அளவு பிழை, அல்லது ஒரே அளவு சரி. ஆயினும் ‘வந்துகிட்டு’ இயல்பான பேச்சாகக் கொள்ளப்படுகிறது. ‘வந்துண்டு’ ஒரு குடும்பப் பின்னணியின் அடையாளமாகிறது. ‘வந்துகினு’ மட்டும் நகைச்சுவைக் காட்சிக்கு அனுப்பப்படுகிறது. ஒலியில் குற்றம் இருந்தால் மூன்றின் மீதும் அல்லவா தீர்ப்பு விழவேண்டும்?

நம் இலக்கண மரபு இவ்விஷயத்தில் ஒரே குரலில் பேசவில்லை. வழக்கு என்பது உயர்ந்தோரைப் பற்றியது என்று தொல்காப்பிய மரபியல் வரையறுக்கிறது. பேச்சுமொழியை இகழ விரும்பியவர்கள் பின்னாளில் எடுத்துக்காட்டியது பெரும்பாலும் இந்த விதியைத்தான். ஆனால் அதே தொல்காப்பியம் செய்யுளியலில் ‘புலன்’ என்றொரு வனப்பைக் கூறுகிறது. சேரிமொழியால் அமைந்து, ஆராய்ந்து பார்க்கத் தேவையின்றிப் பொருள் தானே விளங்கும் செய்யுளுக்கு அப்பெயர். மக்கள் வாழும் தெருவின் பேச்சு, பாட்டிலக்கணத்தில் ஒரு வனப்பாகவே எண்ணப்பட்டிருக்கிறது. செந்தமிழ் நிலத்தைச் சூழ்ந்த பன்னிரு நிலங்களின் சொற்களும் ‘திசைச்சொல்’ என்ற பெயரில் செய்யுளுக்குரியனவாயின. பவணந்தியாரின் நன்னூலோ சிதைந்து மருவிய சொற்களுக்கு ‘மரூஉ’ என்று பெயரிட்டு, இயல்பு வழக்கில் சேர்த்துக்கொண்டது. தஞ்சாவூர் தஞ்சையானதை ஏற்றவர்கள், ‘கொண்டு’ கினுவானதற்கு மட்டும் ஏன் வருந்த வேண்டும் என்று நன்னூல் பயின்ற ஒருவர் கேட்கலாம்.

‘சேரி’ என்ற சொல்லின் கதையே இங்கு நின்று கவனிக்கத்தக்கது. சோழர் கல்வெட்டுகளில் சேரி என்பது பொதுவாகக் குடியிருப்பு. இராசராசன் தஞ்சைப் பெரிய கோயிலுக்காக நானூறு பெண்களைக் குடியேற்றிய இடத்தின் பெயர் தளிச்சேரி. பார்ப்பனச்சேரியும் இருந்தது, பறைச்சேரியும் தீண்டாச்சேரியும் இருந்தன. காலப்போக்கில் சொல் ஒடுக்கப்பட்டோரின் குடியிருப்புக்கு மட்டும் உரியதாகிச் சுருங்கியது. சுருங்கியபின் இழிவும் ஏறியது. எழுத்தில் ஓர் எழுத்துக்கூட மாறவில்லை. யாரைக் குறித்தது என்பது மாறியதும் கேட்பவர் முகம் மாறிவிட்டது.

‘சோறு’ மற்றோர் எடுத்துக்காட்டு. பெருஞ்சோற்று உதியன் சேரலாதன் என்று ஒரு சேர மன்னனுக்குப் பட்டமாக அமைந்த சொல் அது. இன்று விருந்தினர் முன்னால் ‘சோறு’ என்று சொல்லும் பிள்ளையைப் பெற்றோர் கண்ணால் அடக்குகிறார்கள். வடமொழி வழி வந்த ‘சாதம்’ நாகரிகமாகிறது. உணவகத்தில் ‘ரைஸ்’ இன்னும் நாகரிகமாகிறது. ‘பண்ணு’ என்பது கொச்சை, ‘செய்’ என்பதே தமிழ் என்று திருத்துவோர், தேவாரத்திலேயே ‘பண்ணு’ என்னும் வினை இருப்பதை எண்ணுவதில்லை. ‘அப்பால வா’ என்று சென்னைக்காரர் சொல்லும்போது சிரிக்கிறவர்கள், ‘அப்பால்’ பழைய இலக்கியச் சொல் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

சென்னைப் பேச்சைத் தமிழே அன்று என்று தள்ளுவோர் அதிலுள்ள பிறமொழிச் சொற்களைக் காரணமாகக் காட்டுவர். உண்மைதான், 1639இல் ஆங்கிலேயக் கம்பெனி கால்கொண்ட துறைமுக நகரம் அது. தெலுங்கும் உருதும் போர்த்துக்கீசியமும் டச்சும் தெருவில் கலந்தன. நம்பிக்கைக் கேட்டைச் சொல்லும் உருதுச் சொல் ‘பேமானி’ ஆனது. காலையுணவு ‘நாஸ்தா’ ஆனது. டச்சுக்காரரின் செப்புக்காசு ‘துட்டு’ ஆயிற்று. ‘கஸ்மாலம்’ வடமொழியின் ‘கச்மல’ என்பதிலிருந்து வந்தது. பகவத்கீதையின் இரண்டாம் அத்தியாயத்தில் அருச்சுனனின் மனச்சோர்வைக் கண்ணன் குறிக்கும் சொல் அது. கீதையில் இருக்கையில் தத்துவம், ரிக்‌ஷாக்காரர் வாயில் வசை! மறுபுறம் ‘சாவி’, ‘ஜன்னல்’, ‘அலமாரி’ ஆகியன போர்த்துக்கீசியத்திலிருந்து அதே கடல்வழியாக வந்தவை. அவற்றைக் கேட்டு எவரும் எரிச்சலடைவதில்லை. அவை வீட்டுக்குள் குடியேறிவிட்டன. மற்றவை தெருவிலேயே நின்றன. வந்த வழி ஒன்று, தங்கிய இடம் வேறு.

வீரமாமுனிவர் 1728இல் பேச்சுத்தமிழுக்கெனத் தனி இலக்கணத்தை இலத்தீனில் எழுதி முடித்தார். ‘கொடுந்தமிழ்’ என்றே அதைக் குறித்தபோதும், மக்களோடு உறவாட வந்தவர்க்கு அது இன்றியமையாதது என்று அவர் உணர்ந்திருந்தார். நம்மவர்க்கு அவ்வுணர்வு புனைகதை வழியாகவே பரவலாக வந்தது. புதுமைப்பித்தன் நெல்லைப் பேச்சையும், ஜெயகாந்தன் சென்னைக் குடிசைப் பகுதிகளின் பேச்சையும், கி. ராஜநாராயணன் கரிசல் பேச்சையும் எழுத்தில் ஏற்றினர். கி.ரா. கரிசல் சொற்களுக்கு அகராதியே தொகுத்தார். திரைப்படத்தில் வழி வேறாக இருந்தது. ‘சபாஷ் மீனா’வில் (1958) சந்திரபாபு பேசிய சென்னைத் தமிழ் மக்களை மகிழ்வித்தது, ஆனால் அப்பேச்சு நகைச்சுவை நடிகருக்கே உரியது என்ற எண்ணத்தையும் அத்தகைய வெற்றிகள் வலுப்படுத்தின. தன் துயரத்தை அப்பேச்சில் சொல்லும் மனிதரைத் திரையில் காண, ஜெயகாந்தனின் ‘உன்னைப்போல் ஒருவன்’ (1965) போன்ற முயற்சிகள் தேவைப்பட்டன.

இலங்கையில் இந்த மோதல் வெளிப்படையாகவே நிகழ்ந்தது. பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை யாழ்ப்பாணப் பேச்சுத்தமிழில் நாடகங்கள் எழுதி 1940இலேயே ‘நானாடகம்’ என்ற தொகுப்பை வெளியிட்டிருந்தார். ஆயினும் 1960களின் தொடக்கத்தில் முற்போக்கு எழுத்தாளர்கள் மக்கள் பேச்சை எழுதியபோது, மரபுவழிப் பண்டிதர் சிலர் அதனை ‘இழிசனர் வழக்கு’ என்று இகழ்ந்தனர். அவ்வெழுத்தாளர்களுள் டொமினிக் ஜீவாவும் கே. டானியலும் ஒடுக்கப்பட்ட சாதிகளிலிருந்து வந்தவர்கள். இகழப்பட்டது வழக்கு மட்டும்தானா என்ற வினாவைத் தவிர்க்க இயலாது. கைலாசபதியும் சிவத்தம்பியும் அன்று எழுத்தாளர் பக்கம் நின்றது, மொழியியல் காரணத்திற்காக மட்டுமன்று.

எரிச்சலே கூடாது என்பது நம் வாதமன்று. எரிச்சல்பட வேண்டிய சொற்கள் நிறையவே உண்டு. சாதிப்பெயரை வசையாக்கும் சொற்கள், கணவனை இழந்தவளை ‘அறுதலி’ என்று ஏசுவது, உடற்குறையை ஏளனமாக்கும் ‘நொண்டிச்சாக்கு’ போன்றவை. விந்தை என்னவெனில், ‘நொண்டிச்சாக்கு’ கட்டுரைகளிலும் மேடைகளிலும் தடையின்றி உலவுகிறது. யாரையும் புண்படுத்தாத ‘வந்துகினு’ தலைகுனிகிறது. நம் செவி பொருளைக் கேட்காமல், பேசுகிறவர் எந்தத் தெருவினர் என்பதையே கேட்கிறது. இதன் விளைவை வகுப்பறையில் நாம் ஆண்டுதோறும் காண்கிறோம். வடசென்னையிலிருந்து வரும் மாணவர்கள், எதுவும் தெரியாததால் அன்று, வாய் திறந்தால் சிரிப்பார்களே என்பதால் மௌனமாகிறார்கள். தமிழ் வகுப்பில் ஒரு தமிழன் தன் தமிழுக்கு அஞ்சி வாய்மூடியிருப்பது இலக்கணம் காத்த வெற்றியாகாது.

இகழப்பட்ட சொல்லும் மீளக்கூடும். ‘புறம்போக்கு’ என்பது வருவாய்த்துறைச் சொல். தீர்வை விதிக்கப்படாமல் ஊர்ப் பொதுவுக்கென விடப்பட்ட மேய்ச்சல் நிலம், பாதை, நீர்நிலை முதலியவை. அதுவே ‘பொறம்போக்கு’ என்று பயனற்றவனைத் திட்டும் சொல்லாயிற்று. 2017இல் எண்ணூர்க் கழிமுகத்தின் அழிவைப் பற்றிக் கபேர் வாசுகி சென்னைப் பேச்சில் எழுதிய பாடலை டி.எம். கிருஷ்ணா கர்நாடக இசையில் பாடினார்; ‘பொறம்போக்கு’ என்ற வசைச்சொல்லே அதன் மையம். பொதுநிலத்தை மதியாத சமூகம் அதன் பெயரை வசையாக்கியதில் வியப்பில்லை என்று அப்பாடலைக் கேட்டபின் நமக்குத் தோன்றியது. ஒரு சொல் காதில் உறுத்தும்போது, அது யாருடைய சொல், எப்போதிருந்து உறுத்துகிறது என்று கேட்டுப் பார்ப்பது நல்லது. விடை சில வேளைகளில் சொல்லைப் பற்றியதாக இருக்கும். பல வேளைகளில் நம்மைப் பற்றியதாகவே இருக்கும்.